ஓங்கலின் ஐந்தாவது விரல்

என் வகுப்புப் பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக் காட்சி பங்களாவுக்கு, அதாவது மியூசியத்துக்கு, கூட்டிக்கொண்டு போய் வந்த மறுநாள் காலையில், கருவாட்டு வியாபாரி ஒருவர் தன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஜெபம் முடிந்து பிள்ளைகள் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேலில் துண்டுகூட இல்லை. கருவாட்டுக் கொட்டகையிலிருந்து நேரே வருகிறார் என்பதை மூக்கே சொல்லிவிட்டது.

"டீச்சரம்மா, இவ எனக்க மகதானா, இல்ல அங்கன பிள்ளை மாறிப்போச்சா?" என்றார். "போகும்போ நல்ல பிள்ளையாத்தான் போனா. வரும்போ கள்ளம் பறயப் படிச்சிட்டு வந்திருக்கா."

மகள் அழவில்லை. அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. பத்து வயதுப் பெண், கை சிவக்க இழுபட்டு வந்திருக்கிறாள், உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்கிறாள்.

"அப்படி என்ன கள்ளம் சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"ஓங்கலுக்கு விரலு உண்டாம்! அஞ்சு விரலு. நம்மளப் போலயே துடுப்புக்குள்ள கை வெச்சிருக்காம். சோறு தின்னும்போ சொன்னா, செரி, விளையாட்டுன்னு விட்டேன். இன்னைக்கு விடியக்காலத்து கொட்டகையில வேலைக்காரங்க எல்லாரும் இருக்கப்போ சொல்லுதா. கடப்புறம் முழுக்கச் சிரிக்கு. எனக்க வீட்டுல கள்ளம் பறஞ்ச ஆளு இதுவரை கிடையாது."

வகுப்பு குபீரென்று சிரித்தது. நான் மேசையைப் பிரம்பால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். சிரிப்பு நின்றது. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அந்தப் பெண் சொன்னது பொய்யே இல்லை. நானும் பார்த்திருந்தேன். டால்பினைத்தான் எங்கள் பக்கம் ஓங்கல் என்போம்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. மணவாளக்குறிச்சிப் பக்கம், ஒரு புறம் கருமணல் கடற்கரையும் மறுபுறம் நெல் வயலுமாக இருக்கும் ஓர் ஊரில், மிஷன் பெண்பள்ளியில் நான் ஆசிரியை. அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் விவசாயம். அவர் மனைவியை நான் மைனி என்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தவள் அவள்தான். அவள் சொன்னதில் எள்ளளவும் மிகை இல்லை.

அந்தக் கோபம்தான் எங்களைக் காட்சி பங்களாவுக்கு அனுப்பியது என்றும் சொல்லலாம். என் வகுப்பில் பிள்ளைகள் பதில் சொல்லுவார்கள். பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை விரித்தாலும் மளமளவென்று ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு நாள் இரண்டு பாடவேளை முழுக்க வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாராவது ஏதாவது கேட்டால்தான் இன்று பாடம் என்றேன். கடைசியில் ஒருத்தி பயந்து பயந்து எழுந்து, "டீச்சர், வெளிய போவட்டா?" என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தப் பிள்ளைகளை ஊரைவிட்டு எங்கேயாவது இட்டுக்கொண்டு போய், தெரியாத பொருள்களின் முன்னால் நிறுத்தியே தீருவது என்று.

பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் எவர் அனுப்புவார்? வீடு வீடாக ஏறி இறங்கினேன். கருவாட்டு வியாபாரி மட்டும் பேச்சு வளர்க்காமல் சரி என்றார். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் அவருக்கு ஒரு கடைக்காரர் பழக்கம். "அப்பிடியே இந்தச் சாக்கையும் கொண்டு குடுத்துருங்க" என்று நெய்மீன் கருவாட்டு மூட்டை ஒன்றை மகளோடு ஏற்றிவிட்டார். தக்கலை வழியாகப் போன அந்த பஸ்ஸில் எங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. மற்றவர்கள் எல்லாரும் முன்பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

போகும்போதே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அங்க பாக்கதை எல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டு வரணும். எனக்குப் பதில் தெரியாத கேள்வியா இருக்கணும். எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டா அடி விழும்."

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் கோயிலுக்குள் வந்ததுபோல் குரலை அடக்கிக்கொண்டார்கள். யானையின் எலும்புக்கூட்டின் முன் ஒருத்தி கண்ணை மூடிக் கும்பிட்டாள். "ஏட்டி, அது பிள்ளையார் இல்ல" என்று பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். பஞ்சடைத்த புலியின் முன்னால்தான் முதல் கேள்வி பிறந்தது. "டீச்சர், செத்த பிறவு கண்ணைத் தொறந்து வெச்சது யாரு?" எனக்குத் தெரியவில்லை! தெரியாது என்று சொன்னேன். அதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகத்தில் வந்த மலர்ச்சியை இன்றைக்கும் மறக்கவில்லை. டீச்சருக்கே தெரியாத ஒன்று இருக்கிறது! அதன் பிறகு ஒருத்தியையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. கேள்வி மழை.

கருவாட்டு வியாபாரியின் மகளை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனால், ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அசையாமல் நிற்கிறாள். உள்ளே ஓங்கலின் எலும்புக்கூடு. ஓங்கலை எங்கள் கடற்புறத்தில் தெரியாத பிள்ளை கிடையாது. கூட்டம் கூட்டமாகத் துள்ளிக்கொண்டு போகும். மேற்கே சில ஊர்களில் கடல்பன்னி என்பார்கள். நீண்ட மூக்கையும் வரிசைப் பல்லையும் வைத்து எலும்பிலேயே அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்.

"டீச்சர், இஞ்ச வாங்க. இதுக்க துடுப்பைப் பாருங்க."

பார்த்தேன். துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டு, அதிலிருந்து விரல் விரலாகப் பிரிந்து செல்லும் சிறுசிறு எலும்புகள். நடுவில் இரண்டு நீளமாக, ஓரத்தில் இருப்பவை குட்டையாக. அவள் தன் கையைக் கண்ணாடியில் அப்படியே பரத்தி வைத்து, பெருவிரலில் இருந்து ஒவ்வொன்றாக அசைத்து எண்ணினாள். ஐந்து. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அங்கே ஒட்டியிருந்த ஆங்கிலக் குறிப்பை வாசித்து, ஓங்கல் மீன் வகையே இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற இனம் என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டாளோ என்னவோ. அவள் கேள்வி தயாராக இருந்தது.

"இது எதைப் பிடிக்கதுக்கு டீச்சர் விரலு வெச்சிருக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் அடிக்கவில்லை. அள்ளிக் கட்டிக்கொண்டேன்.

அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் மறுநாள் அவள் அப்பா கள்ளி என்று இழுத்து வந்திருந்தார். நான் வாசலுக்குப் போய், "ஓங்கல் மீனே கிடையாது, அதுக்கு விரல் எலும்பு உண்டு, நானே பார்த்தேன்" என்றேன்.

"கடலுல நீந்துது. வலையில படுது. மீன் இல்லன்னா பின்ன மாடா?"

"மாட்டுக்குத்தான் கொஞ்சம் சொந்தம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் கறுத்தது. நானும் சேர்ந்து கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். தராசு முள்ளைவிட அவர் வாக்கைச் சந்தையில் நம்புவார்கள். அந்தப் பெயருக்கு மகளால் குறை வந்துவிட்டதே என்று உள்ளூர வெந்துகொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, நானும் எனக்க அப்பனும் எத்தனை ஓங்கலைக் கரையில பாத்திருக்கோம். சுறாத் தூண்டிலுக்கு இரை வெட்டுகப்போ கிட்ட நின்னு பாத்திருக்கேன். துடுப்பை வெட்டித் தூர எறிவாங்க. தோலும் குருத்தும்தான். அதுக்குள்ள விரலாம்."

"எறிஞ்ச துடுப்பை என்னைக்காவது பிரிச்சுப் பாத்திருக்கியளா?"

"அதை எதுக்குப் பிரிக்கணும்?"

"அதுதான் உங்க மகளுக்கும் உங்களுக்கும் வித்தியாசம்" என்றேன். சொன்னேன் அல்லவா, மூக்கு நுனியில்.

அவர் மகளின் கையை விட்டார். பிறகு வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னார். "செரி. காட்டுங்க. அடுத்தாப்புல ஒரு ஓங்கல் கரையில படட்டு. துடுப்பைப் பிரிச்சு அஞ்சு விரலைக் காட்டுங்க. காட்டிட்டா, இவ எம்புட்டுப் படிக்கணுமோ படிக்கட்டு, நாகர்கோயிலுக்குப் போய்ப் படிக்கணும்னாலும் நான் ஒரு வாக்கு எதுத்துப் பேச மாட்டேன். காட்டலன்னா இந்தக் கிளாசோட நிப்பாட்டிருவேன். கொட்டகையில உப்புப் பிடிக்க ஆளு வேணும்."

"காட்டுகேன்" என்றேன்.

அவர் போன பிறகுதான் யோசித்தேன். காட்சி பங்களாவில் பார்த்தது ஒரு முறை. இங்கே கிடைக்கிற ஓங்கலிலும் அப்படியே இருக்குமா? இருந்தாலும் அதை வெளியே எடுக்க எனக்குத் தெரியுமா? வயல்காட்டில் பிறந்தவள் நான். மீனை அரிந்து குழம்பு வைக்கும்போதுகூட மைனிதான் அரிவாள்மணையில் உட்காருவாள்.

அந்தப் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமல்ல. தெருவில் போனால் பையன்கள் "ஏலே, விரலுமீனு போகுது பாரு" என்று கத்துவார்கள். தண்ணீர்க் கிணற்றடியில் பெண்கள் அவள் அம்மாவிடம் சாளை மீனுக்கு நகம் வெட்டியாச்சா என்று கேட்பார்கள். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "மக்கா, வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "ஆமையை எங்க பாத்தாலும் இப்பம் காலைத்தான் பாக்கேன் டீச்சர். அதுக்கும் உள்ள விரலு இருக்குமோ?" என்றாள். அவளுக்கு ஆறுதல் சொல்லப் போன எனக்குத்தான் அன்று ஆறுதல் கிடைத்தது.

மழைக்காலம் முடிந்து கடல் அடங்கிய பிறகு அந்த நாள் வந்தது. நடுப்பகலில் சோறு தின்ன வீட்டுக்குப் போன அவள், பாவாடை முழுக்க நனைந்து மணலோடு வகுப்புக்குள் ஓடி வந்தாள். "டீச்சர், கரைமடி வலையில ஓங்கல் பட்டிருக்கு! வெட்டப் போறாங்க!"

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வகுப்பும் பின்னாலேயே ஓடி வந்தது. தலைமையாசிரியை வராந்தாவில் நின்று என்னவோ சத்தம் போட்டார், காதில் விழவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி வெட்டியாகிவிட்டது. இரண்டு துடுப்பில் ஒன்றை நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றது மணலில் கிடந்தது. அவள் பாய்ந்து போய் அதன்மேல் விழுந்தே விட்டாள். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எடுத்துக்க மக்கா, மோதிரம் போட்டுப் பாரு" என்றார் ஒருவர்.

இனி அதைப் பிரிக்க வேண்டும். கத்தி போட்டால் சின்ன எலும்புகள் இடம் மாறிவிடும், பிறகு அவள் அப்பா நம்பமாட்டார். மண்ணில் புதைத்து வைத்தால் தசையெல்லாம் தானாக அழுகிப் போகும், எலும்பு இருந்த இடத்தில் இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. அவளுடைய அம்மாவிடம் கொடுத்து, கொட்டகைக்குப் பின்னால் பத்திரமாகப் புதைத்து வைக்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு மகள் படிக்க வேண்டும் என்று உயிர். "எனக்க உயிரைப் போலப் பாத்துக்கிடுகேன் டீச்சரம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு சனிக்கிழமை தோண்டுவது என்று வியாபாரியே நாள் குறித்தார். கொட்டகை வேலைக்காரர்கள், வலை இழுப்பவர்கள், கிணற்றடிப் பெண்கள், என் வகுப்பு, எல்லாரும் கூடியிருந்தார்கள். அம்மா மண்ணைக் கையாலேயே வாரி விலக்கினார். பனையோலைப் பொதி ஒன்று வெளியே வந்தது, கயிற்றால் அழகாகக் கட்டி. ஓலை எதற்கு என்று அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. கட்டை அவிழ்த்தார்.

உள்ளே துடுப்பு வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு துளி அழுகல் இல்லை. தோல்மேல் உப்பு பூத்திருந்தது.

"உப்புப் போட்டியளா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"போடாம பின்ன? கடலுல வந்ததை உப்புப் போடாம மண்ணுல வெப்பாங்களா டீச்சரம்மா? புழு வெச்சிராதா? நல்ல கல்லுப்பா ரெண்டு கை கூடத்தான் போட்டேன்" என்றார் அந்த அம்மா பெருமையாக. தலைமுறை தலைமுறையாக உப்பும் ஓலையும் குழியுமாகப் பழகிய கை. அந்தக் கையிடம் ஒரு துடுப்பைக் கொடுத்து அழுக விடு என்று எதிர்பார்த்தது நான்தான். முதல் தரமான குழிக்கருவாடு தயாராகியிருந்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தென்னை மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. வியாபாரி குனிந்து, பழக்கத்தில், பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். "நல்ல பதம்" என்றார் மனைவியிடம். பிறகுதான் எதற்கு வந்தோம் என்ற ஞாபகம் வந்து நிமிர்ந்தார். "அப்போ, டீச்சரம்மா..."

"அப்பா, பொறுங்க" என்றாள் மகள். அவ்வளவு பேர் முன்னால் அவள் குரல் நடுங்கவே இல்லை. "டீச்சர், கோழியை ரொம்ப நேரம் அவிச்சா இறைச்சி தன்னால கழண்டு எலும்பு தனியா வருமே. இதை அவிச்சா என்ன?"

எனக்கு அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும்போல் இருந்தது. அடுத்த கணமே, எதில் அவிப்பது? துடுப்பு முழங்கை நீளம் இருந்தது. மடக்கக் கூடாது, வெட்டக் கூடாது. அங்கே இருந்த சட்டி எதிலும் கிடத்திப் போட முடியாது. கிடத்திப் போடக்கூடிய பாத்திரம் ஒன்றுதான் என் நினைவுக்கு வந்தது. மைனியின் நெல் அவிக்கிற அண்டா. அவள் கல்யாணத்துக்குச் சீதனமாக வந்த செம்பு அண்டா. அதில் நெல்லைத் தவிர வேறொன்றை அவள் அவித்ததும் இல்லை, அவிக்க விட்டதும் இல்லை.

வயல் வரப்பில் நான் ஓடிய ஓட்டத்தை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. மைனி முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்க அண்டாவுலயா? கடல்பன்னியையா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"மைனி, ஒரு பிள்ளைக்க படிப்பு போகும்."

"படிப்புக்கும் அண்டாவுக்கும் என்னட்டி சம்பந்தம்?"

முழுவதும் சொன்னேன். கள்ளி என்று அப்பாவே சொன்னதையும் சொன்னேன். மைனி தன் கைகாலில் ஒட்டியிருந்த நெல்லை உதறினாள். அவள் நாலாம் வகுப்போடு நின்றவள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. உள்ளே போய், வண்டியைப் பூட்டச் சொல்லி அண்ணனை ஒரு சத்தம் போட்டாள். "அண்டாவை நீ கொண்டு போவாண்டாம். ஓட்டை போட்டுருவ. நானே வாறேன்."

கொட்டகை வாசலில் மூன்று கல் கூட்டி அண்டா ஏறியது. மைனி யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. "கொதிக்கக் கொதிக்க எரிச்சா எல்லாம் உடைஞ்சு சிதறும். நெல்லு மாதிரிப் பையத்தான் வேவணும்" என்று விறகை இழுத்தும் தள்ளியும் தீயை ஒரே சீராக வைத்திருந்தாள். துடுப்பை அதே ஓலையில் மறுபடியும் பொதிந்து கட்டித்தான் போட்டோம், எலும்பு சிதறாமல் இருக்க. அந்த ஓலை இல்லை என்றால் அன்று எங்கள் கதை கந்தலாகியிருக்கும். பிள்ளையின் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அதுவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர் அழுதுவிட்டார்.

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். பாதிக் கூட்டம் ஓடிவிடும் என்று நினைத்தேன். ஒருவர்கூடப் போகவில்லை. வெயில் சாய்ந்தது. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினோம். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டவர்களில் வியாபாரியும் இருந்தார் என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

மைனி ஒரு குச்சியால் குத்திப் பார்த்து, "இறக்குங்க" என்றாள். பொதியைப் பலகையில் வைத்து, மகள்தான் ஓலையைப் பிரித்தாள். தோலும் தசையும் கூழாகிக் கிடந்தது. அதை அவள் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்தாள். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு வரிசை. பிறகு அடுத்த வரிசை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மணிக்கட்டு எலும்புகள் கூழாங்கல்போல் ஒட்டி ஒட்டி இருந்தன. அங்கிருந்து விரல்கள் விரிந்தன.

வியாபாரி வேட்டியை மடக்கிக்கொண்டு பலகை முன்னால் குத்தவைத்தார். விரலை நீட்டி, ஒன்றையும் தொடாமல், எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

நிறுத்தினார். மறுபடியும் எண்ணினார். நாலு.

"அஞ்சுன்னு சொன்னா" என்றார். குரலில் முன்பிருந்த கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. தோற்றது மகள் இல்லை, தானே என்பதுபோல் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த மனிதர் சாயங்காலத்திலிருந்தே நாங்கள் ஜெயிக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மகள் பலகையைப் பார்த்தபடி, "சின்ன விரலு, ஓரத்துல இருக்கணும், இதுக்க கீழ" என்று சொல்லிக்கொண்டே கூழைத் துழாவினாள்.

"எல்லாரும் தள்ளுங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்று மைனி உள்ளே புகுந்தாள். வழித்துப் போட்ட ஓலையை முறத்தைப்போல் மடியில் வைத்துக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்குகிற அதே விரல்கள். அவள் பொறுக்கின அரிசியின் சோற்றில் எங்கள் வீட்டில் ஒருவரும் கல்லைக் கடித்ததில்லை. ஓலையின் மடிப்பில், தோலோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தாள். அதைத் தண்ணீரில் கழுவினாள். அரை உளுந்து அளவு. கூடவே இன்னொன்று.

"இதா உனக்க சுண்டுவிரலு" என்று பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவள் அதை மணிக்கட்டின் ஓரத்தில், காலியாக இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு தன் கையை அதன் பக்கத்தில் பலகையில் விரித்து வைத்தாள். ஐந்து. ஐந்து. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கூட்டம் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு நின்றது.

வியாபாரி எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். "ஏலே, எல்லாவனும் கேட்டுக்கிடுங்க" என்றார். "எனக்க மக கள்ளம் சொல்லல. இனி எவனாவது விரலுமீனுன்னு வாயைத் தொறந்தான்னா, எனக்க கொட்டகைப் பக்கம் வராண்டாம்." பிறகுதான் குனிந்து அவள் தலையில் கை வைத்தார். கை முழுக்க ஓங்கல் நாற்றம். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவ்வளவு நாள் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன். மைனி மட்டும் அழவில்லை. அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போகிறபோது வியாபாரி என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "டீச்சரம்மா, ஒரு சம்சயம். அது எதைப் பிடிக்கதுக்கு விரலு வெச்சிருக்கு?"

"எனக்குத் தெரியாது. உங்க மகளும் இதைத்தான் கேட்டா. படிச்சு வந்து சொல்லுவா" என்றேன்.

"செரி. நாகர்கோயிலுலயும் பதில் தெரியாத டீச்சராப் பாத்து அவளைச் சேத்து விடுங்க" என்றார்.

அண்டாவைப் புளியும் சாம்பலும் போட்டு எத்தனை தடவை தேய்த்தும், அடுத்த அறுவடை வரை எங்கள் வீட்டுச் சோற்றில் கடல் வாசம் அடித்தது. அண்ணன் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பேசாமல் சாப்பிடுவார். அந்த எலும்புகளைக் கறுப்புத் துணியில் வரிசையாகத் தைத்து, வகுப்பில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினோம். அதன் பிறகு எங்கள் பள்ளியில் பிள்ளைகள் கொண்டு வந்து குவிக்காத பொருள் கிடையாது. சங்கு, கூடு, பாம்புச் சட்டை, கருமணலுக்குள் பொறுக்கிய சிவப்பு மணல். வீடு வீடாக ஏறி இறங்கிய நான் அடுத்த வருஷம் காட்சி பங்களாவுக்குப் போக பஸ்ஸில் இடம் இல்லை என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்தப் பயணத்தில் ஒரே ஒரு பெரிய ஆள் எங்களோடு வந்தார். கருவாட்டு மூட்டையும் கூட வந்தது. உள்ளே போனதும் புலி, யானை எதையும் நிமிர்ந்து பார்க்காமல் மகளோடு நேரே ஓங்கலிடம் போனார். நான் மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தை அந்தக் கண்ணாடிப் பெட்டி முன் நிறுத்தி வைத்திருந்தார். தன் பெரிய, உப்பு அரித்த கையைக் கண்ணாடியில் விரித்து வைத்து, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்லா எண்ணிப் பாருங்க. அஞ்சு. இஞ்ச எத்தனையோ ஆளு வந்து பாத்துட்டுப் போயிருக்கும். எண்ணிப் பாத்தது எனக்க மகளாக்கும்."